போலிஷ் மொழியின் ‘பான்’: பொருளும் பிறப்பும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போலந்துக்குப் படிக்கவோ வேலை பார்க்கவோ வரும் தமிழர்கள் விமான நிலையத்தை விட்டு வெளியே வருவதற்குள்ளேயே பத்து முறையாவது கேட்டுவிடும் சொல் ‘பான்’. அதன் பெண்பால் ‘பாஞி’. புதிதாக வந்தவர்களுக்கு வார இறுதியில் அடிப்படைப் போலிஷ் சொல்லிக்கொடுக்கும் பழக்கம் எனக்கு உண்டு. அந்த வகுப்புகளில் இந்த ஒரு சொல்லைப் பற்றி எழுந்த கேள்விகளே இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. போலிஷ் இலக்கணத்தில் இதைவிடக் கடினமான பகுதிகள் பல இருக்கலாம். ஆனால் இந்தச் சொல்லைப் புரிந்துகொள்ளாமல் அந்நாட்டில் ஒருவரிடம் வெங்காயம்கூடக் கேட்டு வாங்க முடியாது என்பது என் அனுபவம்.

‘பான்’ என்ற சொல்லுக்கு என்ன பொருள்?

இன்றைய வழக்கில் அதற்கு மூன்று பொருள்கள் முதன்மையானவை. பெயருக்கு முன்னால் வரும்போது அது ‘திரு’. தனியாக வரும்போது ‘ஆண்மகன்’, ‘கனவான்’ என்ற பொருள் தரும். “அந்த பான் உங்களைத் தேடினார்” என்றால் “அந்த ஐயா உங்களைத் தேடினார்” என்று கொள்ளலாம். எதிரில் நிற்கும் அறிமுகமில்லாத ஆணிடம் பேசும்போது அதுவே ‘நீங்கள்’ என்பதன் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. இவற்றுக்கெல்லாம் அடியில், பழைய பொருளாக, ‘எசமான்’, ‘உடையவன்’ என்ற கருத்து இன்றும் உயிரோடு இருக்கிறது. நாய்க்கு உரிமையாளர் அதன் ‘பான்’. ஒரு சூழ்நிலையைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருப்பவர் அந்தச் சூழ்நிலையின் ‘பான்’.

‘பாஞி’ என்று ஏன் எழுதுகிறீர்கள்? பலரும் ‘பானி’ என்றுதானே எழுதுகிறார்கள்?

போலிஷ் எழுத்தில் ‘ன’ ஒலிக்குரிய எழுத்தை அடுத்து ‘இ’ வந்தால் அது அண்ணத்தில் நாவின் நடுப்பகுதி ஒட்டும் ஒலியாக மாறுகிறது. அது நம் ஞகரமேதான். ‘ஞாயிறு’ என்று சொல்லத் தெரிந்த தமிழர் இந்த ஒலிக்காகத் தனியாகப் பயிற்சி எடுக்கத் தேவையில்லை. உயிரெழுத்துகளில் நெடில், குறில் வேறுபாடு போலிஷில் இல்லாததால், ‘பான்’ என்பதன் ஆகாரத்தை நாம் இழுக்கும் அளவுக்கு இழுக்காமல் சற்றே குறுக்கிச் சொன்னால் போதும்.

‘நீங்கள் வருகிறீர்களா?’ என்று நாம் கேட்பதை அவர்கள் எப்படிக் கேட்கிறார்கள்?

“பான் வருகிறாரா?” என்று கேட்கிறார்கள், அதுவும் அந்த மனிதரின் முகத்தைப் பார்த்தே. தமிழர்களுக்கு முதலில் இடறும் இடம் இதுதான். நாம் மரியாதைக்கு முன்னிலைப் பன்மையை எடுத்துக்கொண்டோம். ‘நீ’ என்பது ‘நீங்கள்’ ஆனது. பிரெஞ்சும் ரஷ்ய மொழியும்கூட அந்த வழியில்தான் சென்றன. போலிஷ் எதிரில் இருப்பவரைப் படர்க்கையில் வைத்துப் பேசுகிறது. “ச்சி பான் மா ச்சாஸ்?” என்பது “உங்களுக்கு நேரம் இருக்கிறதா?” என்று பொருள்படும் கேள்வி, ஆனால் அதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் “ஐயாவுக்கு நேரம் இருக்கிறதா?” என்றுதான் வரும். பெரிய வீட்டு வாசலில் நின்று “ஐயா சாப்பிட்டாச்சுங்களா?” என்று ஐயாவிடமே கேட்ட தலைமுறையை அறிந்தவர்களுக்கு இந்த அமைப்பு அவ்வளவு அந்நியமாகத் தோன்றாது. வேறுபாடு என்னவென்றால், அங்கே ஒருவர் மட்டும் அப்படிப் பேசினார். இங்கே இருவரும் ஒருவரையொருவர் அப்படியே அழைக்கிறார்கள். மருத்துவர் நோயாளியையும் நோயாளி மருத்துவரையும், அதிகாரி காவலாளியையும் காவலாளி அதிகாரியையும் இந்த ஒரே வடிவத்தில் விளிக்கிறார்கள்.

பெண்ணிடம் பேசும்போது ‘பாஞி’, பல ஆண்களிடம் ‘பானோவியே’, பல பெண்களிடம் ‘பாஞே’, ஆணும் பெண்ணும் கலந்த கூட்டத்திடம் ‘பாஞ்ஸ்த்வோ’. இவை ஒவ்வொன்றும் வேற்றுமைக்கு ஏற்ப உருமாறும். ஆகவே ‘உங்களுக்கு’, ‘உங்களோடு’, ‘உங்களை’ என்று சொல்ல நாம் ஒரே அடிச்சொல்லை வைத்திருக்கும் இடத்தில், போலிஷ் பேசுபவர் முதலில் எதிரே இருப்பவர் ஆணா, பெண்ணா, எத்தனை பேர் என்று பார்த்த பிறகே வாயைத் திறக்க வேண்டியிருக்கிறது.

தவறாகச் சொல்லிவிட்டால் என்ன ஆகும்?

பெரிதாக ஒன்றும் ஆகாது. ஆனால் எதிரில் இருப்பவரின் முகம் மாறும். நான் வந்த முதல் குளிர்காலத்தில், வீட்டருகே இருந்த காய்கறிச் சந்தையில், விரல் நுனி வெட்டிய கம்பளிக் கையுறை அணிந்து தராசுக்குப் பின்னால் நின்ற ஒரு மூதாட்டியிடம் “மாஷ் செபூலெ?” என்று கேட்டேன். “வெங்காயம் வைத்திருக்கிறாயா?” என்பது அதன் பொருள். கைப்பேசிச் செயலி ஒன்றில் ‘மாஷ்’ என்ற வடிவத்தைத்தான் முதல் பாடத்தில் கற்றிருந்தேன். அவர் பதில் சொல்லாமல் வெங்காயத்தை நிறுத்துப் பையில் போட்டுத் தந்தார். எனக்குப் பின்னால் நின்ற இளைஞர் “ச்சி மா பாஞி…” என்று தொடங்கி நூல் போல் மெல்லிய இலை கொண்ட சதகுப்பைக் கட்டு ஒன்றைக் கேட்டார். அவரோடு அந்த அம்மா வானிலை முதல் முழங்கால் வலி வரை பேசினார். ‘மாஷ்’ என்பதிலிருந்து கடைசி ஒலியை எடுத்துவிட்டு ‘பாஞி’யைச் சேர்ப்பதுதான் வேறுபாடு. வினைச்சொல் குறுகுகிறது, மரியாதை கூடுகிறது. மறுவாரம் நான் சரியாகக் கேட்டபோது அவர் வெங்காயத்தோடு ஒரு கைப்பிடி வோக்கோசுத் தழையையும் காசு வாங்காமல் வைத்தார்.

வெளிநாட்டவர் என்பதால் பலர் பொறுத்துக்கொள்வார்கள். ஆயினும் கைப்பேசிச் செயலிகள் ‘நீ’ வடிவத்தையே முதலில் கற்பிப்பது பெரும் குறை என்பதே என் உறுதியான கருத்து. வயதில் மூத்தவர்கள், அரசு அலுவலர்கள், கடைக்காரர்கள் என்று புதிதாக வந்தவர் பேச வேண்டிய பெரும்பாலோருக்கு அந்த வடிவம் பொருந்தாது.

இந்தச் சொல் எங்கிருந்து வந்தது?

மொழியியலாளர்கள் நூறாண்டுகளுக்கும் மேலாக வாதிட்டுவரும் சொற்களில் இதுவும் ஒன்று. எல்லோரும் ஒப்புக்கொள்ளும் பகுதியிலிருந்து தொடங்குகிறேன். மேற்கு ஸ்லாவிய மொழிகளில், அதாவது போலிஷிலும் செக்கிலும் ஸ்லோவாக்கிலும், இச்சொல் பழமையானது. பழைய செக் ஏடுகளில் இது ‘ஹ்பான்’ என்று முன்னால் ஒரு ஹகரத்தோடு காணப்படுகிறது. பழைய ஸ்லாவிய ககர ஒலிகளுள் மென்மையான ஒன்று செக் மொழியில் ஹகரமாக மாறியது என்பது தெளிவாக நிறுவப்பட்ட விதி. ஆகவே ‘ஹ்பான்’ என்ற வடிவம், மூலச் சொல்லுக்கு முன்னால் ஒரு ககரம் இருந்தது என்பதற்குச் சான்றாக நிற்கிறது. ‘குபான்’ என்பது போன்ற ஒரு முன்வடிவத்தை அறிஞர்கள் மீட்டமைத்துள்ளனர். போலிஷில் அந்த முதல் அசை தேய்ந்து, எஞ்சியது மட்டுமே நம் கைக்கு வந்துள்ளது.

அந்த முன்வடிவம் எங்கிருந்து வந்தது என்பதில்தான் கருத்து வேறுபாடு. ஒரு சாரார் அதை ‘ஜுபான்’ என்ற இன்னொரு ஸ்லாவியப் பட்டத்தோடு இணைக்கிறார்கள். ஜுபான் என்பது ஒரு வட்டாரத்தின் தலைவனைக் குறித்த சொல். ஆஸ்திரியாவின் க்ரெம்ஸ்முன்ஸ்டர் மடத்துக்கு 777ஆம் ஆண்டில் வழங்கப்பட்ட கொடை ஆவணத்தில் ‘யோபான்’ என்று ஒரு ஸ்லாவியத் தலைவர் குறிக்கப்படுகிறார். இன்றும் குரோவேஷியாவில் மாவட்டத் தலைவரும் ஸ்லோவேனியாவில் ஊர்த் தலைவரும் ‘ஜுபான்’ என்றே அழைக்கப்படுகின்றனர். இப்பட்டம் புல்வெளி நாடோடிகளான அவார்களிடமிருந்து ஸ்லாவியர்களுக்கு வந்திருக்கலாம் என்று கருதுவோரும் உண்டு.

இன்னொரு சாரார் முன்வைக்கும் விளக்கம் தமிழ் வாசகர்களை நிமிர்ந்து உட்கார வைக்கும். பழைய ஈரானிய மொழிகளில் பசுவைக் குறிக்கும் சொல்லும் காத்தலைக் குறிக்கும் ‘பா’ என்ற வேரும் சேர்ந்து ‘ஆநிரை காப்பவன்’ என்ற பொருளில் ‘குபானா’ போன்ற ஒரு சொல் உருவாகியிருக்க வேண்டும் என்றும், ஸ்லாவியர்களோடு அண்டை வாழ்ந்த ஈரானிய மொழி பேசிய குதிரைவீரர் குடிகளிடமிருந்து அது கடனாக வந்தது என்றும் அவர்கள் சொல்கிறார்கள். அந்த இரண்டு உறுப்புகளுக்கும் சமஸ்கிருதத்தில் உடன்பிறப்புகள் உண்டு. ‘கோபன்’ என்பதில் இருப்பவை அவையே. இந்த விளக்கம் சரியெனில், கிராகோவ் நகரப் பேருந்தில் நம்மை ‘பான்’ என்று விளிக்கும் பயணச்சீட்டுப் பரிசோதகர், தம்மையறியாமல் நம்மை ஒரு ஆயர் தலைவனாக அழைக்கிறார். இது நிறுவப்பட்ட முடிவு அல்ல, கருதுகோள் மட்டுமே என்பதை வகுப்பில் ஒவ்வொரு முறையும் அழுத்திச் சொல்வேன். கால்நடையே செல்வமாக இருந்த சமூகத்தில், மந்தையைக் காப்பவனுக்கான சொல் தலைவனுக்கான சொல்லாக உயர்வது இயல்பானது என்பதையும் உடன் சேர்த்துச் சொல்வதுண்டு.

கிரேக்கக் கடவுள் ‘பான்’, போலந்துக் கனவான்கள் அணிந்த ‘ஜுபான்’ அங்கி – இவற்றோடு தொடர்பு உண்டா?

இரண்டோடும் இல்லை. கிரேக்கப் பெயருடனான ஒற்றுமை தற்செயலானது. ஜுபான் அங்கியின் பெயர், ‘ஜிப்பா’ என்று நாமும் அறிந்த அரபுச் சொல்லின் வழியில் இத்தாலியத்தைக் கடந்து வந்தது. தலைவனைக் குறிக்கும் ஜுபானோடு அது ஒலியில் மட்டுமே ஒத்திருக்கிறது.

முற்காலத்தில் யாரை ‘பான்’ என்று அழைத்தார்கள்?

இடைக்காலத்தில் மிகப் பெரிய நிலக்கிழார்களும் அரசரின் அவையில் அமர்ந்தவர்களும் மட்டுமே அந்தச் சொல்லுக்கு உரியவர்கள். கோட்டைத் தலைவர்களுக்கு அது பதவிப் பெயராகவே இருந்தது. கிராகோவ் கோட்டைத் தலைவருக்கு ‘பான் க்ராகோஃப்ஸ்கி’, அதாவது ‘கிராகோவின் பான்’ என்பதே பட்டம். செனட் அவையில் சமயத் தலைவர்கள் அல்லாதோருள் முதல் இருக்கை அவருடையது.

பின்னர் ‘ஷ்லாக்தா’ எனப்பட்ட உயர்குடி வகுப்பு முழுவதற்கும் அது பரவியது. மேற்கு ஐரோப்பாவில் உயர்குடியினர் மிகச் சிறிய எண்ணிக்கையினர். போலந்திலோ மக்கள்தொகையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கினர் வரை அந்த வகுப்பில் இருந்தார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் மதிப்பிடுகின்றனர். அவர்களுள் பலர் சொந்தமாக ஏர் பிடித்த ஏழைகள். ஆனாலும் சட்டத்தின் முன் அவர்களும் பெருநிலக்கிழார்களும் சமம். “தன் கொல்லையில் நிற்கும் ஷ்லாக்தாவும் மாகாண ஆளுநருக்கு நிகர்” என்ற பழமொழி அந்தக் காலத்தது. பிரபு, கோமகன் என்ற வெளிநாட்டுப் பாணிப் பட்டங்களைப் பெரும்பாலும் தடைசெய்யும் சட்டத்தையும் அவர்களுடைய நாடாளுமன்றம் 1638இல் இயற்றியது. பட்டங்கள் இல்லாத சமத்துவத்தில் எல்லோரும் ஒருவரையொருவர் ‘பான்’ என்றே அழைத்துக்கொண்டார்கள். இன்றைய பொது வழக்கின் வித்து அங்கேதான் விழுந்தது. அவர்களிடையே வழங்கிய இன்னொரு விளி ‘வாஷ்மோஷ்ச்’; ‘உங்கள் அன்பு’ என்ற பொருளுடைய இரு சொற்கள் தேய்ந்து ஒன்றானது அது.

அந்தச் சமத்துவத்துக்கு வெளியே நின்றவர்கள் உழவர்கள். அவர்களுக்கு ‘பான்’ என்பது நிலத்துக்கும் தங்கள் உழைப்புக்கும் உடையவனைக் குறித்த சொல். எசமானின் நிலத்தில் கூலியின்றி உழைக்க வேண்டிய கட்டாயத்துக்கு ‘பாஞ்ஷ்சிஸ்னா’ என்று பெயர். அந்தச் சொல்லின் உள்ளேயே ‘பான்’ உட்கார்ந்திருக்கிறது. 1520ஆம் ஆண்டின் சட்டம் வாரத்துக்குக் குறைந்தது ஒரு நாள் என்று விதித்தது. அடுத்த நூற்றாண்டுகளில் அந்த நாள்கள் பெருகிக்கொண்டே போயின. போலந்து அண்டை வல்லரசுகளால் பங்கிடப்பட்ட பிறகே இந்த முறை ஒழிந்தது. ஆஸ்திரியப் பகுதியில் 1848இலும் ரஷ்யப் பகுதியில் 1864இலும் அது முடிவுக்கு வந்தது. “பானின் கருணை புள்ளிக் குதிரையில் சவாரி செய்யும்” என்றொரு பழமொழி இன்றும் வழங்குகிறது. எசமானின் தயவு நிறம் மாறும், நம்பியிருக்க முடியாது என்பது பொருள். “பானோவியே சண்டையிட்டால் அடிமைகளின் குடுமி பறிபோகும்” என்ற உக்ரேனியப் பழமொழியும் அதே வலியிலிருந்து பிறந்ததுதான். சொல்லின் மரியாதைப் பொருளை மட்டும் கற்பித்துவிட்டு இந்தப் பக்கத்தை விட்டுவிடுவது நேர்மையாகாது என்று நினைக்கிறேன். இன்றைய போலந்து மக்களுள் பெரும்பாலோர் அந்த உழவர்களின் பேரப்பிள்ளைகளே.

அப்படியானால் அது எப்படி எல்லோருக்கும் உரிய சொல்லானது?

ஒரே நாளில் நடக்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நகரங்களில் பெருகிய ஆசிரியர்கள், வழக்கறிஞர்கள், மருத்துவர்கள் ஆகியோர் உயர்குடியினரின் பேச்சு மரபைத் தமதாக்கிக்கொண்டார்கள்; அவர்களைப் பார்த்துக் கடைக்காரர்களும் கைவினைஞர்களும் பின்பற்றினார்கள். விடுதலைக்குப் பின் 1921 மார்ச்சில் இயற்றப்பட்ட அரசியலமைப்பு, பிறப்புவழிச் சலுகைகளையும் குடிப்பட்டங்களையும் அங்கீகரிக்க மறுத்தது. பட்டங்கள் போயின, ‘பான்’ மட்டும் கீழிறங்கி எல்லோர் வீட்டு வாசலுக்கும் வந்தது.

கிராமங்களில் வேறொரு மரபு நெடுங்காலம் நிலைத்திருந்தது. அங்கே பெரியவர்களிடம் முன்னிலைப் பன்மையில், அதாவது நம்மைப் போலவே ‘நீங்கள்’ என்று பேசினார்கள். இல்லாத பெரியவரைப் பற்றிச் சொல்லும்போதும் “தாத்தா போனார்கள்”, “அம்மா சொன்னார்கள்” என்று வினையைப் பன்மையில் முடித்தார்கள். இலங்கு வயலும் உருளைக்கிழங்குக் காடுமாக இருக்கும் ஒரு போலந்துக் கிராமத்தில் வயதானவர் ஒருவர் “தாத்தா போனார்கள்” என்று சொல்வதை முதன்முறை கேட்டபோது, ஒரு கணம் எனக்கு எங்கள் ஊர்த் திண்ணை நினைவுக்கு வந்தது.

கம்யூனிச ஆட்சி இச்சொல்லை ஒழிக்க முயன்றது உண்மையா?

அலுவல் வழக்கிலிருந்து விலக்க முயன்றது உண்மை. கட்சிக்குள் ‘தோழர்’ எனப் பொருள்படும் ‘தோவாஜிஷ்’, காவல்துறையிலும் படையிலும் அலுவலகங்களிலும் ‘குடிமகன்’ எனப் பொருள்படும் ‘ஓபிவாதெல்’. அவற்றோடு சேர்ந்து வந்தது ‘வி’ என்ற முன்னிலைப் பன்மை. எசமான்-அடிமை நினைவைத் துடைப்பது நோக்கமாகச் சொல்லப்பட்டாலும், அந்தப் பன்மை ரஷ்ய மொழியின் வழக்கத்தை நினைவூட்டியதால் மக்கள் நாவில் அது ஒட்டவில்லை. அலுவலகத்தில் ‘குடிமகன்’ ஆனவர், படிக்கட்டில் அண்டை வீட்டாருக்கு ‘பான்’ ஆகவே இருந்தார். 1989இன் மாற்றத்துக்குப் பின் படைவீரர்களும் தங்கள் அதிகாரியைக் ‘குடிமக லெப்டினன்ட்’ என்று விளிப்பதை விட்டுவிட்டு ‘பான் லெப்டினன்ட்’ என்று அழைக்கத் தொடங்கினர்.

‘பாஞ்ஸ்த்வோ’ என்பது அரசைக் குறிக்கிறதா, கணவன் மனைவியைக் குறிக்கிறதா?

இரண்டையும் குறிக்கிறது. ‘பான்’ உடன் ‘தன்மை, ஆளுகை’ என்ற பொருள் தரும் விகுதி சேர்ந்து உருவான சொல் அது. முதலில் எசமானின் ஆட்சிப்பரப்பையும் பின்னர் நாட்டையும் அரசையும் குறித்தது. தொடர்வண்டி நிறுவனத்தின் பெயரில் வரும் ‘பாஞ்ஸ்த்வோவே’ என்ற அடைமொழிக்கு ‘அரசுடைமையான’ என்று பொருள். இரண்டாம் உலகப் போரில் நாசி ஆக்கிரமிப்பின் கீழ் நீதிமன்றங்களும் பள்ளிகளும் படையும் கொண்டு மறைவாக இயங்கிய அமைப்பை ‘போலந்துத் தலைமறைவு அரசு’ என்று குறிக்கும்போதும் இச்சொல்லே வருகிறது. அதே சொல் “திரு, திருமதி” என்றும், “பெரியோர்களே, தாய்மார்களே” என்றும் பொருள்படும். குழப்பத்தைத் தீர்ப்பது இலக்கணம்: அரசு என்ற பொருளில் வினை ஒருமை, மனிதர்கள் என்ற பொருளில் வினை பன்மை. மணமக்களுக்கு ‘இளம் பாஞ்ஸ்த்வோ’ என்று பெயர். மணமகன் ‘இளம் பான்’.

மணமாகாத பெண்ணை ‘பான்னா’ என்று அழைக்கலாமா?

அழைக்க வேண்டாம். அரசுப் படிவங்களில் மணமாகாதவர் என்ற குறிப்பாகவும், கன்னி ராசியின் பெயராகவும், ‘மணமகள்’ என்ற தொடரிலும் அச்சொல் வாழ்கிறது. விளியாகப் பயன்படுத்தினால் பழமையாகவோ நக்கலாகவோ படும். வயதுவந்த எல்லாப் பெண்களும் ‘பாஞி’தான்.

பெயரோடு சேர்த்து எப்படி அழைப்பது?

குடும்பப்பெயரை நேரில் சொல்லி அழைப்பது நாகரிகமாகக் கருதப்படுவதில்லை. “பாஞே கோவால்ஸ்கி!” என்றால் அதட்டுவது போல ஒலிக்கும். அறிமுகமில்லாதவரை அழைக்க “ப்ரோஷெ பானா” அல்லது “ப்ரோஷெ பாஞி” போதும். ‘தயவுசெய்து, ஐயா’ என்பது போன்ற தொடர் அது. ஓரளவு பழகியவரை முதற்பெயரோடு, விளி வேற்றுமையில் அழைக்கலாம்: மாரெக் என்பவர் ‘பாஞே மார்கு’ ஆவார். தமிழ் இலக்கணத்தில் எட்டாவதாக நிற்கும் விளி வேற்றுமை, போலிஷில் ஏழாவதாக நிற்கிறது. ‘கண்ணன்’ விளியில் ‘கண்ணா’ ஆவதைப் போலவே ‘பான்’ விளியில் ‘பாஞே’ ஆகிறது. பணிப் பெயரோடும் அழைக்கலாம். மேல்நிலைப் பள்ளி ஆசிரியரைக்கூட மரபாக ‘பான் பேராசிரியர்’ என்றே மாணவர்கள் அழைக்கிறார்கள்.

பாதிரியாருக்கு ‘பான்’ பொருந்தாது. “பாதிரியார் அமரட்டும்” என்று அவருடைய பணிப்பெயரையே முன்னிலையாக்க வேண்டும். கடவுளுக்கோ ‘பான்’ உண்டு, ‘ஆண்டவன்’ என்ற பொருளில். ஆனால் வேண்டுதலில் அவரை ‘நீ’ என்றுதான் அழைக்கிறார்கள். செஸ்தொகோவா நகரின் யாஸ்னா குரா மடத்திலுள்ள கருநிற மாதா ‘யாஸ்னா குராவின் பாஞி’.

கழிப்பறைக் கதவில் ‘பாஞே’ என்று எழுதியிருந்தால் ஆண்கள் உள்ளே போகலாமா?

போகக் கூடாது. ஒருமை ஆணை விளிக்கும் ‘பாஞே’யும் பெண்களைக் குறிக்கும் பன்மையான ‘பாஞே’யும் எழுத்திலும் ஒலியிலும் ஒன்றே. விளிவடிவத்தை மட்டும் கற்றவர்கள் இங்கே தவறிவிடுகிறார்கள். கதவில் இருப்பது பெண்களுக்கானது. எழுத்துக்குப் பதில் குறி மட்டும் இருந்தால் முக்கோணம் ஆண்களுக்கு, வட்டம் பெண்களுக்கு.

எப்போது ‘பான்’ விட்டு ‘நீ’க்கு மாறலாம்?

அவர்கள் அழைக்கும்போது. மரபுப்படி வயதில் மூத்தவர் இளையவரிடமும் பெண் ஆணிடமும் மேலதிகாரி பணியாளரிடமும் “நாம் ‘தி’க்கு மாறிக்கொள்வோமா?” என்று கேட்பார்கள், ‘தி’ என்பது ‘நீ’. இளையவர் முந்திக்கொண்டு கேட்பது முறையல்ல. மாணவர்களும் மென்பொருள் நிறுவனங்களில் உள்ளவர்களும் முதல் நாளிலேயே மாறிவிடுகிறார்கள் என்பதால், நம்மவர் பலர் அலுவலகத்தில் ‘தி’யையே கேட்டுப் பழகி, மாலையில் மருந்துக் கடையில் அதையே பயன்படுத்திவிடுகிறார்கள். அங்கே மட்டும் கவனம் தேவை.

மூத்த தலைமுறையில் இதற்கென்று ஒரு சிறு சடங்கே உண்டு. ‘சகோதரத்துவம்’ என்ற ஜெர்மானியச் சொல்லிலிருந்து வந்த ‘ப்ரூதெர்ஷாஃப்ட்’ என்பது அதன் பெயர். இருவரும் கோப்பை ஏந்திய வலக்கைகளை முழங்கையில் கோத்துக்கொண்டு, அதே நிலையில் குடித்து, கன்னத்தில் முத்தமிட்டு, தத்தம் முதற்பெயரை உரக்கச் சொல்வார்கள். எங்கள் குடியிருப்பில் ஒன்பது ஆண்டுகள் என்னை ‘பான்’ என்றே அழைத்த அண்டை வீட்டுப் பெரியவர், தம் எழுபதாவது பிறந்தநாளன்று செர்ரிச் சாற்றுக் கோப்பையோடு என் முழங்கையில் கை கோத்தார். நான் மது அருந்துவதில்லை என்று அறிந்திருந்தவர் அவர்.